ராபின்சனின் கோபம் – கடிதம்

அன்புள்ள சார்,

பழைய குத்துச்சண்டைப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். சனிக்கிழமைகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். இந்த முறை 1940, 50களின் அமெரிக்க விளையாட்டுப் படங்களைப் போடலாம் என்று இணையத்தில் தேடினேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப்பாக பர்ட் லங்காஸ்டர் என்ற வெள்ளைக்காரர் நடித்திருக்கிறார். ‘தி செட்-அப்’ படத்துக்கு மூலமான கவிதையில் நாயகன் கறுப்பர், படத்தில் வெள்ளையர். பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘தி ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி’ ஒன்றில்தான் கறுப்பின பேஸ்பால் வீரரான ராபின்சனே ராபின்சனாக நடித்திருக்கிறாராம். பிரதிநிதித்துவம் என்றால் அதுதானே? அதை மட்டும் போட்டுவிட்டு மற்றவற்றை ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். படத்தைப் பார்க்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை. வேறு படங்கள் இருந்தால் ஒரு பட்டியல் தர முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சனிக்கிழமையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் போடும் ஆசிரியர் என்றதுமே உங்களைப் பிடித்துவிட்டது. கையைக் கொடுங்கள். கொடுத்த கையிலேயே ஒரு பிரம்படியும் வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்காத படங்களை எப்படி ஐயா ஒதுக்குகிறீர்கள்? பார்க்காத படத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? நீங்கள் படித்தது யாரோ டிக் அடித்தும் இன்டு போட்டும் வைத்த பட்டியல். பாடப் புத்தகத்தைத் திறக்காமல் கைடை மட்டும் படித்துவிட்டு வருகிற மாணவனை நீங்கள் சும்மா விடுவீர்களா?

பதில் எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் ராபின்சனே ராபின்சனாக நடித்திருக்கிறார், பிரதிநிதித்துவம் என்றால் அதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக ராபின்சனின் தன்வரலாற்றைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். 1972இல், அவர் இறந்த ஆண்டில் வெளிவந்த புத்தகம். அதைப் படித்த கையோடு அந்தப் படத்தைப் பார்த்தவனிடம் வந்து இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். லங்காஸ்டரை தோர்ப்பாகப் போட்டது தப்புதான், மறுபேச்சில்லை. தோர்ப்பே பிற்காலத்தில் ஹாலிவுட்டில் துணை நடிகராகப் பிழைத்தவர். பூர்வகுடி வேடங்களுக்குப் பூர்வகுடிகளையே கூப்பிடுங்கள் என்று குரல் கொடுத்தவர். 1951இல் அந்தப் படம் வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். ‘தி செட்-அப்’ பற்றி நீங்கள் சொன்னதும் சரி. ஆனாலும் அது நல்ல படம், தாராளமாகப் போடுங்கள். ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின நடிகர் அதில் ஒரு குத்துச்சண்டை வீரராகக் கொஞ்ச நேரமே வருகிறார். உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் பதறிக்கொண்டும் புலம்பிக்கொண்டும் இருக்க, இவர் மட்டும் எவ்வளவு நிதானமாக இருக்கிறார் என்று பாருங்கள். நாயகன் வேடத்தில் இவரையே போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி தானாக வரும்.

பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்கிறீர்கள். ஏன் வேண்டாம்? 1952இல் வந்த ‘பேட் அண்ட் மைக்’ படத்தில் கேதரின் ஹெப்பர்ன் விளையாட்டு வீராங்கனையாக வருகிறார். கோல்ஃப் ஆட்டத்தில் அவரைத் தோற்கடிப்பவர் நிஜ வீராங்கனையான பேப் டிட்ரிக்சன், அவராகவே நடித்திருக்கிறார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆல்தியா கிப்சன். 1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற கறுப்பினப் பெண். அவர் கதையை எந்த ஸ்டுடியோவும் அப்போது படமாக எடுக்கவில்லை. 1959இல் ஜான் ஃபோர்டின் உள்நாட்டுப் போர்ப் படம் ஒன்றில் வேடம் கொடுத்தார்கள். என்ன வேடம் தெரியுமா? தென்பகுதிச் சீமாட்டி ஒருத்தியிடம் வேலை செய்யும் அடிமைப்பெண். அடிமைகள் பேசுவதாக எழுதிக் கொடுத்த கொச்சை வசனத்தை இப்படிப் பேச மாட்டேன் என்று கிப்சன் மறுத்தார். வசனத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த மறுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ராபின்சனுக்கு அது வாய்க்கவில்லை.

‘தி ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி’ 1950இல் வந்தது. ஒன்றேகால் மணி நேரப் படம். ராபின்சனுக்கு நடிக்க வராது. வீட்டுக் காட்சிகளில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். மனைவியாக வரும் ரூபி டீதான் பாதிக் காட்சிகளைத் தாங்கிப் பிடிக்கிறார். ஆனால் மைதானத்தில் இறங்கியதும் வேறு ஆள். ஓட்டக்காரன் நிற்கிற முதல் பேஸிலிருந்து நாலடி விலகி நின்று, ஓடப்போவதுபோலப் பாவனை காட்டி, திரும்பி, மறுபடி விலகி, பந்து வீசுகிறவனின் பொறுமையைக் குலைக்கிற அந்தக் கால்களை எந்த நடிகனாலும் கொண்டுவர முடியாது. அந்த அளவுக்கு உங்கள் பட்டியல்காரர் சொன்னது சரி. ஓடுவது ராபின்சனேதான்.

பேசுவது யார்?

1944இல் ராபின்சன் ராணுவத்தில் லெஃப்டினன்ட். டெக்சஸ் மாநிலத்து கேம்ப் ஹூட் முகாமில் ஒரு பேருந்தில் ஏறி உட்கார்கிறார். பின்னால் போ என்கிறார் ஓட்டுநர். இவர் நகரவில்லை. ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் இதேபோலப் பேருந்தில் நகர மறுத்துப் புகழ்பெற்றதற்குப் பதினோரு வருடம் முன்னால் நடந்தது இது. பிறகு ராணுவ போலீஸ், விசாரணை. தன்னை இழிவாகப் பேசியவர்களுக்கு ராபின்சன் அங்கேயே சுடச்சுடத் திருப்பிக் கொடுக்கிறார். விளைவு, ராணுவ நீதிமன்றம். கடைசியில் குற்றமற்றவர் என்று விடுதலை ஆகிறார். ஒரு திரைக்கதை ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? படத்தில் இது இல்லை. ஒரு வரிகூட இல்லை. ராணுவ வாழ்க்கையே போகிற போக்கில் கடந்துவிடுகிறது.

1945 ஆகஸ்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி நிர்வாகத்தின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்துப் பேசிய சந்திப்பு மட்டும் விரிவாக இருக்கிறது. வெள்ளையர் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த பெரிய லீகுக்கு ரிக்கி ஒரு கறுப்பரைக் கொண்டுவரப் போகிறார். மைதானத்தில் என்னென்ன வசவு வரும் என்று தானே நடித்துக் காட்டுகிறார். திருப்பி அடிக்கப் பயப்படுகிற ஆளையா தேடுகிறீர்கள் என்று கேட்கிறார் ராபின்சன். திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உள்ள ஆளைத் தேடுகிறேன் என்கிறார் ரிக்கி. புகழ்பெற்ற வசனம். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நீங்களும் தட்டுவீர்கள்.

ரிக்கியை வில்லன் என்று நான் சொல்லவில்லை. பெரிய காரியம் செய்தவர். கெட்டிக்கார வியாபாரியும்கூட. ராபின்சனை எடுத்துக்கொண்டபோது, அவர் அதுவரை ஆடிய, கறுப்பர்களுக்கான நீக்ரோ லீக் அணியான கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு காசு கொடுக்கவில்லை. படத்தில் அந்த அணியின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். சாச்சல் பெய்ஜ் போன்ற பந்துவீச்சாளர் ஆடிய அணி, பெயர்கூட இல்லாமல் போனது.

சரி, நான் பிடித்துக்கொண்டு விடாத விஷயத்துக்கு வருகிறேன். ரிக்கியோடு போட்டது அடக்கி வாசிக்கும் ஒப்பந்தம். அதற்கு ஒரு முடிவுநாள் இருந்தது. 1949இல் ரிக்கி அவரை அந்த வாக்கிலிருந்து விடுவித்தார். இந்த ஆண்டு எல்லோரும் என்னிடம் முரட்டுத்தனமாக ஆடிக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் ஆடப்போகிறேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் ராபின்சன் பருவத்தைத் தொடங்கினார். நடுவரோடு வாதிட்டார், வசவுக்கு வசவு கொடுத்தார். அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி .342. நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். வாயைத் திறந்த வருடமே அவருடைய உச்ச வருடம்.

படம் எடுத்தது 1950இன் தொடக்கத்தில். எடுத்தவர்களுக்கு இதெல்லாம் கண்முன்னால் நடந்த செய்தி. ஆனால் படத்தின் ஆட்டக்கதை அவர் பெரிய லீகில் நுழைந்த 1947உடன், அடக்கமான ராபின்சனோடு முடிந்துவிடுகிறது. 1949இலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது ஆட்டம் அல்ல, ஒரு பேச்சு.

அந்தப் பேச்சின் கதையைப் படத்தை மட்டும் பார்க்கிறவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது. கடைசிக் காட்சியில் ராபின்சன் வாஷிங்டனில் போய்ப் பேசுகிறார். ஜனநாயகம் அதற்காகப் போராடுகிறவர்களுக்குப் பலன் தரும், அதைக் காப்பது நம் கடமை என்கிறார். படம் முடிகிறது. ஏன் போனார், யார் கூப்பிட்டார்கள்? அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டது. 1949 ஜூலை 18. எதற்கு? கறுப்பினப் பாடகர் பால் ராப்சனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல. சோவியத் யூனியனோடு போர் வந்தால் கறுப்பர்கள் சண்டைக்குப் போக மாட்டார்கள் என்று ராப்சன் பாரிஸில் பேசியதாகப் பத்திரிகைகளில் வந்திருந்தது. அவரை மறுக்க, நாடே அறிந்த இன்னொரு கறுப்பர் தேவைப்பட்டார்.

ராப்சனைப் பாடகர் என்றுதான் நமக்குத் தெரியும். அவர் முதலில் விளையாட்டு வீரர். ரட்கர்ஸ் கல்லூரிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடி 1917, 1918 இரண்டு ஆண்டும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் இடம்பிடித்தவர். இதைவிட முக்கியம், 1943 டிசம்பரில் பேஸ்பால் அணி முதலாளிகளின் முன்னால் போய் நின்று, கறுப்பர்களை அணிகளில் சேருங்கள் என்று பேசியவர் அவர். ராபின்சனை ரிக்கி கூப்பிடுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னால். கதவைத் தட்டியவனுக்கு எதிராக, அந்தக் கதவு வழியே உள்ளே வந்தவனைச் சாட்சியாக நிறுத்தினார்கள். படம் வந்த அதே 1950இல்தான் ராப்சனின் கடவுச்சீட்டைப் பறித்தார்கள். படத்தில் ராப்சன் பெயரே கிடையாது.

ராபின்சனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் குழுவின் முன்னால் படித்த அறிக்கை வெறும் துதி அல்ல. நீதிமன்ற அநீதியையும் போலீஸ் அடியையும் கும்பல் கொலையையும் ஒரு கம்யூனிஸ்ட் கண்டிக்கிறான் என்பதற்காக அவையெல்லாம் பொய்யாகிவிடாது என்றும் அதில் சொன்னார். படத்தில் அந்த வரிகளைக் காணோம். தேசபக்தி மட்டும் வடிகட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. இருபத்து சொச்சம் வருடம் கழித்து வந்த தன்வரலாற்றில், ராப்சன் மீது தன் மதிப்பு கூடியிருக்கிறது என்று எழுதினார். இன்று தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாட என்னால் முடியாது என்றும் எழுதினார். இவரா அந்தப் படத்தில் பேசுகிறவர்?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் கபடி அணியில் ஒரு அண்ணன் இருந்தார். பாடப் போனால் ஒருத்தனையாவது தொடாமல் திரும்ப மாட்டார். அணியில் காலனித் தெருவிலிருந்து வந்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்து ஊர்க்காரன் கோட்டில் நின்று சாதியைச் சொல்லித் திட்டுவான். எங்கள் கேப்டன் அவர் தோளைப் பிடித்து அழுத்தி, “அடக்கி வாசிடா, நாம ஜெயிச்சாப் போதும்” என்பார். ஜெயித்தோம். மாவட்ட அளவில் கோப்பை வந்தது. பாராட்டு விழாவில் மேடையேற்றித் துண்டு போர்த்தி, அவர் கையில் நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். ‘என்னை ஆளாக்கிய ஊர்ப் பெரியவர்களுக்கு’ என்று தொடங்கியது. எழுதியது யார் என்று எங்களுக்குத் தெரியும், கையெழுத்துக்குப் பேர்போனவர். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார். நடுவில் ஒரு வார்த்தை புரியாமல் நின்றபோது கூட்டம் சிரித்தது. அன்று மேடையில் நின்றது அவர்தான். பெயரும் முகமும் அவருடையதுதான். உங்கள் பட்டியல்காரர் வந்திருந்தால் டிக் அடித்திருப்பார்.

மறுநாள் டீக்கடை வாசலில் அந்தத் தாளை அதே ராகத்தில் படித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைத்தார் பாருங்கள், அதுதான் அவர். அதை யாரும் மேடையில் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், முகங்களை எண்ணாதீர்கள். தாளை எழுதியது யார் என்று பாருங்கள், எந்த வரி வெட்டுப்பட்டது என்று தேடுங்கள். ஜிம் தோர்ப் படத்தில்கூட லங்காஸ்டரின் முகத்தைவிட என்னை உறுத்துவது வேறு. அந்தக் கதையைச் சொல்கிறவர் பயிற்சியாளர் பாப் வார்னர். விருந்து மேடையில் நின்று தோர்ப்பின் வாழ்க்கையை அவர்தான் விவரிக்கிறார். நிஜத்தில் நடந்தது என்ன? 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தோர்ப் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதற்கு முன்னால் சொற்பக் காசுக்குக் கோடை பேஸ்பால் ஆடியிருந்தார், காசு வாங்கியவர் அமெச்சூர் அல்ல என்று 1913இல் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று கைவிரித்தார் வார்னர். அவருக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் ஆய்வாளர்கள் பலர் எழுதுகிறார்கள். நான் ஒன்றும் அறியாத செவ்விந்தியப் பள்ளிப் பையன் என்று தோர்ப் பெயரில் போன மன்னிப்புக் கடிதத்தையே எழுதிக் கொடுத்தது வார்னர்தான் என்பதும் பலருடைய கணிப்பு. அங்கேயும் ஒரு தாள். தோர்ப் இறந்தது 1953இல். பதக்கங்களைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது 1983இல். அந்தப் போட்டிகளின் ஒரே வெற்றியாளர் அவர்தான் என்று ஒலிம்பிக் குழு ஒத்துக்கொள்ள 2022 ஆயிற்று.

இப்போது நீங்கள் ஒதுக்க நினைத்த கூட்டத்திலிருந்து ஒரு படம். 1947இல் வந்த ‘பாடி அண்ட் சோல்’. நாயகன் ஜான் கார்ஃபீல்ட். கேனடா லீ இரண்டாம் நிலைப் பாத்திரம். எண்ணிப் பார்த்தால் கறுப்பருக்குத் துணை வேடம், பாதியில் சாவு, இன்டு. ஆனால் பாருங்கள். லீ உண்மையிலேயே குத்துச்சண்டை ஆடியவர். வாங்கிய அடியில் ஒரு கண் பார்வை போனவர். படத்தில் அவர் ஒரு முன்னாள் சாம்பியன், மூளையில் ரத்தக்கட்டு. அவரை அந்த நிலையிலும் மேடையேற்றிக் காசு பார்த்த சூதாட்ட முதலாளி, வேலை முடிந்ததும் வெளியே போ என்கிறான். லீ கெஞ்சவில்லை. கொதித்து எழுகிறார். இரவில் பயிற்சி மேடையில் ஏறி, எதிரே யாருமே இல்லாத வெளியைக் குத்திக் குத்திச் சரிந்து சாகிறார். ஒரு கறுப்பின வீரனுக்கு இவ்வளவு கோபத்தை அன்றைய ஹாலிவுட் வேறு எங்கே அனுமதித்தது? எனக்குத் தெரிந்து அபூர்வம். அனுமதித்ததற்கு விலையும் கொடுத்தார்கள். எழுதிய ஏபிரகாம் பொலான்ஸ்கி, கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி வேலை மறுக்கும் கறுப்புப் பட்டியலில். லீக்கும் வாய்ப்புகள் அடைபட்டன. 1952 மே மாதம் நாற்பத்தைந்து வயதில் இறந்தார். அதே மாதம் கார்ஃபீல்டும் போய்ச் சேர்ந்தார்.

ஒளிப்பதிவு ஜேம்ஸ் வாங் ஹவ். சீனாவில் பிறந்தவர். ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு, கையில் கேமராவோடு குத்துச்சண்டை மேடையில் சுற்றிச் சுற்றி எடுத்தார். கலப்பு மணத்துக்கு கலிஃபோர்னியாவில் தடை இருந்ததால், வெள்ளையரான மனைவியோடு சட்டப்படி தம்பதி என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலையில்தான் அந்தப் படத்தை எடுத்தார். 1948இல்தான் அந்தத் தடை விழுந்தது. பிறகு 1954இல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணியைப் பற்றிய படத்தை இயக்கியவரும் அவரே. இவரெல்லாம் உங்கள் பட்டியலில் வரவே மாட்டார், கேமராவுக்குப் பின்னால் நின்றவர் அல்லவா.

பட்டியல் கேட்டீர்கள் இல்லையா. தர மாட்டேன். மேலே சொன்ன படங்களை முதலில் நீங்கள் பாருங்கள். ‘பாடி அண்ட் சோல்’ படத்தைப் பெரிய வகுப்புக்குப் போடுங்கள். ராபின்சன் படத்தையும் கட்டாயம் போடுங்கள், நான் இவ்வளவு திட்டியதற்காக விட்டுவிடாதீர்கள். காப்புரிமை காலாவதியான படம், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். பிரதி மங்கலாகத்தான் இருக்கும். ராபின்சனின் அண்ணன் தெருக்கூட்டும் சீருடையில் வரும் காட்சியில் நிறுத்துங்கள். நிஜ அண்ணன் மேக் ராபின்சன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கியவர், ஊர் திரும்பித் தெருக்கூட்டினார் என்று சொல்லுங்கள். ஒரு சின்ன வேடத்தில் கென்னி வாஷிங்டன் வருவார், அவரையும் காட்டுங்கள். கல்லூரியில் ராபின்சனோடு ஆடியவர், பேஸ்பாலுக்கு ஒரு வருடம் முன்பே 1946இல் அமெரிக்கக் கால்பந்து லீகின் நிறத்தடையை உடைத்தவர்.

கேம்ப் ஹூட் பேருந்துக் கதையைப் படத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் பேஸ்பால் விதிகளைக் கரும்பலகையில் வரைந்து ஒரு பத்து நிமிடம் விளக்குங்கள். இல்லையென்றால் ஸ்டம்ப் எங்கே சார், அவன் ஏன் பேட்டைப் போட்டுவிட்டு ஓடுகிறான் என்று கேட்டே பையன்கள் உங்களைப் படம் பார்க்க விட மாட்டார்கள்.